வரிப்பூசணிக்குத் தோல் சீவுறதில்ல

சீவ மாட்டேன் மேடம். வேற எது சொன்னாலும் கேக்கறேன். உப்பைக் குறைன்னா குறைக்கிறேன், எண்ணெயைக் குறைன்னா குறைக்கிறேன். தலைக்கு வலை போடச் சொன்னீங்க, போட்டுக்கிட்டுதான் நிக்கறேன், கண்ணாடியில பாத்தா எனக்கே சிரிப்பு வருது. ஆனா இந்த வரிப்பூசணிக்குத் தோல் மட்டும் சீவ மாட்டேன். நீங்க முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இந்த மாவு டின் மேல உக்காருங்க, உங்களத் தாங்கும். அய்யய்யோ, நீங்க குண்டுன்னு சொல்லல மேடம், டின் கெட்டின்னு சொன்னேன்.

பேசிக்கிட்டே வெட்டறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மணி அடிக்கறதுக்குள்ள இந்த மூட்டை பூரா அடுப்புக்குள்ள போய் வெளிய வந்தாகணும். மெஷின் பக்கத்துலேருந்து வர்ற கூட்டம் இருக்கே, அதுங்க பசின்னு வந்து நின்னா ஆபீசர்னும் பாக்காது, சமையக்காரின்னும் பாக்காது.

நீங்க இதுக்கு முன்னால இந்தக் காயை முழுசாப் பாத்ததில்லையா? பரவால்ல, நிறைய பேர் பாத்ததில்ல. குளிர் ஆரம்பிச்சா வரும், குளிர் போனா போயிடும். பாருங்க, நம்ம பெரிய பூசணி மாதிரி உருண்டையா, மொடாவா இருக்காது. நீளவாக்குல, கையில பிடிச்சா அடங்கும். வெளுத்த மஞ்சள், அது மேல பச்சைக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பள்ளம். இந்தப் பள்ளத்துல சீவற கத்தி எப்படி மேடம் போகும்? மேட்டுல சீவும், பள்ளத்துல விட்டுடும். பள்ளத்துல அழுத்தினா வழுக்கிட்டு வந்து விரலைச் சீவும். சீவாதன்னு காயே சொல்லுது, மனுஷனுக்குத்தான் காது கேக்கல.

இப்படி நீளமா ரெண்டாப் பொளக்கணும். கரண்டியால விதையை வழிச்சு எடுக்கணும். விதையைத் தூக்கிப் போட மாட்டேன், அதை வறுத்து சூப்பு மேல தூவிடுவேன். அப்புறம் இப்படிக் குறுக்க வெட்டினா பிறை பிறையா வரும். எண்ணெய், உப்பு, மிளகு, அவ்ளோதான். தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தக் கூடாது. ஏத்தினா வறுபடாது, வேர்த்து வேர்த்து வெந்து போகும், பஸ்ல போற நம்மள மாதிரி. தள்ளித் தள்ளி வெச்சா ஓரம் செவந்து, உள்ள வெண்ணெயா இருக்கும். தோல் இருக்கற எடமே தெரியாது, சும்மா ஒரு கடி, அவ்ளோதான். இந்தாங்க, முதல் தட்டு வந்துடுச்சு. ஊதிச் சாப்பிடுங்க, உள்ள சூடு இருக்கும்.

எப்படி இருக்கு? சர்க்கரையா? ஒரு துளி போடல மேடம், சத்தியமா. அதுவே அப்படித்தான். இன்னொண்ணு எடுத்துக்கோங்க. விசாரணைக்கு வந்த எடத்துல சாப்பிட்டா என்ன, விசாரிக்கறதே சாப்பாட்டைப் பத்தித்தானே.

சரி, தோல் எங்கன்னு கேக்கறேன். நீங்க சாப்பிட்டதுல தோல் எங்க? உள்ள போயிடுச்சுல்ல? உங்களுக்கு எதாவது ஆச்சா? இந்த ஹால்ல சாப்பிடற அத்தனை பேருக்கும் அப்படித்தான் உள்ள போகுது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும்தான் தொண்டையில நிக்குது. அவர் யாருன்னு நீங்க சொல்ல வேணாம், எனக்கே தெரியும். ஸ்டோர்காரர்தானே? நட்டு, போல்ட்டு எடுத்துக் குடுக்கறவர். தொப்பி போட்டிருப்பார், உள்ள வந்தாலும் கழட்ட மாட்டார், முன்னால முடி கொட்டிப் போச்சு, அதான்.

அவர் சொல்லாத கொறை என்ன இருக்கு மேடம். திங்கக்கிழமை ரொட்டி ஆறிப் போச்சும்பார். சுடச் சுடக் குடுத்தா மறுநாள் நாக்கு வெந்து போச்சும்பார். சூப்பு தண்ணியா இருக்குன்னார், கெட்டியா வெச்சேன், இது என்ன செவுத்துக்குப் பூசறதான்னு கேட்டிருக்கார். இதையெல்லாம் என்கிட்ட சொன்னாரான்னா இல்ல. இந்த ஜன்னல் வரைக்கும் வந்து ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நேரா உங்க ரூமுக்குத்தான் வருவார். உங்களுக்கு முன்னால இருந்த கண்ணாடி சார் பாவம், இவர் வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே போனை எடுத்துக் காதுல வெச்சுக்குவார். அந்தப் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்க.

ஆனா மத்த கொறையெல்லாம் வரும், போகும். தோல் கொறை மட்டும் நிரந்தரம். வரிப்பூசணி போட்ட அன்னிக்கெல்லாம் வந்து சொல்லிட்டுதான் போவார். ஒவ்வொரு துண்டா எடுத்து, தோலைப் பிரிச்சு, தட்டு ஓரத்துல வரிசையா வெப்பார். பாத்திருக்கீங்கல்ல? நேத்து உங்களக் கூப்பிட்டுக் காட்டினாரா? காட்டுவார். கண்ணாடி சாருக்கும் இப்படித்தான் காட்டுவார், பொண்ணு வீட்ல நகையை எடுத்து வெச்சுக் காட்டற மாதிரி.

சீவிப் பாக்கவே இல்லையான்னு கேக்கறீங்களா? சீவினேன். ஒரே ஒரு தடவை. கண்ணாடி சார் கையெடுத்துக் கும்பிட்டுட்டார், இன்னிக்கு ஒரு நாள் சீவிடும்மா, அந்த மனுஷன் தொல்லை தாங்கலன்னு. சரின்னு நானும் இந்தப் பாத்திரம் கழுவற அம்மாவும் உக்காந்து விடியக்காலையிலேருந்து சீவினோம். அந்தம்மாவுக்குக் கட்டை விரல்ல வெட்டு, எனக்கு ரெண்டு விரல்ல. அடுப்புல வெச்சு எடுத்தா தட்டுல துண்டே இல்ல மேடம். எல்லாம் கொழகொழன்னு ஒண்ணாப் போயிடுச்சு. தோல்தானே அதுக்கு எலும்பு, அதைச் சீவிட்டா எப்படி நிக்கும்? குழந்தைக்கு ஊட்டற மாதிரி கரண்டியால அள்ளி அள்ளிப் போட்டோம். ஹால் பூரா என்னைத் திட்டித் தீர்த்துடுச்சு.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அன்னிக்கும் ஸ்டோர்காரர் உங்க ரூமுக்குப் போனார். போய் என்ன சொன்னார்னு நினைக்கறீங்க? இது என்ன சார் கூழு, தோலோட இருந்தாலாவது கடிச்சுத் திங்கலாம்னு சொல்லியிருக்கார். கண்ணாடி சார் வந்து என்கிட்ட சொல்லிட்டு இந்த டின் மேலதான் உக்காந்தார், நீங்க உக்காந்திருக்கற எடத்துல, எழுந்திரிக்க ரொம்ப நேரம் ஆச்சு. அவர் வேலையை விட்டுப் போனதுக்கு அது காரணம் இல்லன்னு சொல்றாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

ஆமா, அதுவும் உண்மைதான். என் கையால வாங்க மாட்டார். உங்ககிட்ட அதையும் சொல்லிட்டாரா? பரிமாறற பொண்ணு லீவு போட்டா நான்தான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அன்னிக்கு அவர் வரிசையில வந்து, என்னைப் பாத்துட்டு, ரொட்டி மட்டும் தானா எடுத்துக்கிட்டுப் போயிடுவார். பச்சத் தண்ணில ரொட்டியை நனைச்சுத் தின்னுட்டு எழுந்து போவார். மறுநாள் அந்தப் பொண்ணு வந்துட்டா போதும், அதே அடுப்பு, அதே பாத்திரம், நான் சமைச்சது, வாங்கி ரெண்டாந்தடவையும் கேட்டுச் சாப்பிடுவார். இதுக்கு நீங்க என்ன பேர் வெப்பீங்க மேடம்? என் மேல வெறுப்பா? நீங்க அப்படித்தான் எழுதியிருப்பீங்க. ஆபீஸ் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் இருங்க, இந்தத் தட்டை உள்ள தள்ளிட்டு வந்துடறேன். ம், இப்ப சொல்லுங்க.

ஆத்துக்கு அந்தப் பக்கமா? புதுசாக் கட்டியிருக்காங்களே, அந்தக் கேன்டீனுக்கா? தலைமைச் சமையலா? எனக்குக் கீழ ஆளா? அங்க அடுப்பெல்லாம் தானா அணையுமாமே, கேள்விப்பட்டேன். ஜன்னலுக்கு வெளிய மரம் கூட இருக்குன்னாங்க. ரொம்ப நல்ல எடம் மேடம். உங்க நல்ல மனசு புரியுது. கொறை சொல்றவரையும் விட்டுக் குடுக்காம, என்னையும் தள்ளி விடாம, ரெண்டு பேரையும் பிரிச்சு வெச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுதுன்னு யோசிச்சிருக்கீங்க. வேற யாரா இருந்தாலும் உங்க கையைப் பிடிச்சுக் கண்ல ஒத்திக்குவாங்க.

நான் போகல மேடம்.

பிடிவாதம் இல்ல. சரி, பிடிவாதம்தான்னு வெச்சுக்கோங்க. இங்க எனக்கு அடுப்பு பழகிப் போச்சு. இந்த அடுப்புக்கு எடது பக்கம் சூடு ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி, அது எனக்குத்தான் தெரியும். இது ஒரு காரணமான்னு கேட்டா, இல்ல. நீங்க சிரிக்கறீங்க. சரி விடுங்க, வேற ஒரு கதை சொல்றேன், தோல் விஷயத்துல நான் ஏன் இப்படி நிக்கறேன்னு உங்களுக்கும் புரியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. புருஷன், பொண்டாட்டி, ரெண்டே பேர். புள்ளைங்க வளந்து அததுங்க வழியில போயிடுச்சு. அந்தம்மா நல்லா சமைக்கும். நான் சொல்லக் கூடாது, மத்தவங்க சொல்லுவாங்க. ஒரு நாள் அவர் அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வர்றாங்க. இவர் காலையில மார்க்கெட்டுக்குப் போய்ப் பை நிறைய இதே வரிப்பூசணியை வாங்கிட்டு வர்றார். வாங்கும்போதே கடைக்காரன் சொல்லிட்டானாம், தோல் தடிமன், சீவிட்டுச் சமைங்கன்னு. கடைக்காரனுக்கு என்ன தெரியும், அவன் வீட்ல அவனா சமைக்கறான்? இவர் வந்து பொண்டாட்டிகிட்ட சீவுன்னு சொல்றார். அந்தம்மா நகத்தால அழுத்திப் பாத்துட்டு, இது இளந்தோல், சீவ வேணாம்னு சொல்லிட்டு அப்படியே சமைச்சுடுச்சு. அவ்ளோதான் நடந்தது. உலகத்துல அதை விடப் பெரிய விஷயமெல்லாம் நடக்குது.

எல்லாரும் உக்காந்து சாப்பிடறாங்க. நல்லா இருக்குன்னுதான் அண்ணன் சொல்றார். அதுதான் இவருக்குப் பொறுக்கல போல. ஒரு துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டி, தோல் சீவக்கூட உடம்பு வணங்கல, இவளுக்குப் பேரு சமையக்காரின்னு சொல்லிட்டார். அண்ணன் முன்னால. அண்ணி முன்னால. அந்த அண்ணி இருக்காங்களே, பூசணிக்கும் சுரைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது, அவங்க அப்படியே வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க. அந்தம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? காது சுட்டுது மேடம். தட்டெல்லாம் ஒண்ணும் வீசல, மரியாதையாத்தான் சொல்லுச்சு. பிடிக்கலன்னா இனிமே நீங்களே சீவி நீங்களே சமைச்சுக்கோங்கன்னு. அதுக்கு அவர், உன் கையால இனி ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டா என்னன்னு கேளுன்னுட்டார்.

வாய் விட்டுட்டார். அவ்ளோதான், ரோஷக்காரர். மறுநாள் காலையில டீ வெச்சுக் குடுத்துது அந்தம்மா, தொடல. அன்னிக்கு சாயங்காலமே தானே ரொட்டி சுடப் போய்க் கருக்கிட்டார். அந்தக் கரி வாசம் போறதுக்காக அந்தம்மா ஜன்னலைத் திறந்து வெச்சுது. அப்படியே பேச்சும் நின்னு போச்சு. இப்பல்லாம் வாசக்கதவைப் பூட்டணும்னா அவர் கதவுகிட்ட சொல்லுவார். டிவி சத்தம் ஜாஸ்தின்னா அந்தம்மா டிவிகிட்ட சொல்லும். கரண்ட் பில்லு வந்தா அது மேஜை மேல தானா நடந்து போகும். ஒரே வீடு, ஒரே குழாய், ரெண்டு டம்ளர். பாக்கறவங்க எல்லாம், எவ்ளோ அமைதியான குடும்பம்னு பொறாமைப்படறாங்க.

அந்தம்மா விட்டுக் குடுத்திருக்கலாம்னு சொல்றீங்க. நானும் யோசிச்சிருக்கேன். ஒரு நாள் ஒரே ஒரு காயைச் சீவி வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா சீவினா அன்னிக்கு அவர் சொன்னது சரின்னு ஆயிடும்ல? அண்ணி சிரிச்சதும் சரின்னு ஆயிடும். அவர் விட்டுக் குடுக்கலாமே? அவரும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டா முடிஞ்சுது. ஆனா சொன்ன சொல்லை மீறினவர்னு ஆயிடும். பாத்தீங்களா, ரெண்டு பேரும் நல்லவங்கதான். அதான் கஷ்டம்.

அப்புறம் என்ன ஆச்சா? அந்த மனுஷன் மதியத்துல வேலை செய்யற எடத்துலதான் சாப்பிடுவார். அங்க சமையலுக்கு ஆள் தேவைன்னு போர்டு வெச்சிருந்தாங்க. அந்தம்மா புடவையை மாத்திக்கிட்டுப் போய் சேந்துடுச்சு. கேன்டீன் சோறு கம்பெனி சோறு, பொண்டாட்டி சோறு இல்லையே. வேற ஒரு பொண்ணு பரிமாறினா அது அந்தம்மா கையும் இல்லையே. யாரும் சொன்ன சொல்லை மீறல. எல்லாம் சட்டப்படிதான் நடக்குது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆமா மேடம். தொப்பிக்காரர்தான். என் வீட்டுக்காரர்தான். அதுக்கு ஏன் எழுந்திரிக்கறீங்க, உக்காருங்க, இன்னும் மணி அடிக்கல.

தோலை எடுத்து ஓரத்துல வெச்சதை நீங்க பாத்தீங்க, நான் இல்லன்னு சொல்லல. அது நீங்க பக்கத்துல நிக்கற வரைக்கும்தான். நீங்க உங்க ரூமுக்குத் திரும்பின பிறகு என்ன பண்றார்னு நீங்க பாக்கல. பாத்திரம் கழுவற எடத்துக்கு வர்ற தட்டெல்லாம் என் கண் முன்னாலதான் வருது. அவர் தட்டு எனக்குத் தெரியும், ஓரத்துல நசுங்கினது, அதைத்தான் தேடி எடுப்பார். அதுல ஒரு தோல் வந்ததில்ல மேடம். ஒரு துணுக்கு வந்ததில்ல. கழுவவே வேணாம், அப்படித் துடைச்ச மாதிரி வரும்.

பிடிக்கலன்னா வெளியில கடையா இல்ல? கேட்டுக்கு எதிர்லயே ரெண்டு கடை இருக்கு, மத்தவங்க போறாங்க, இவர் போனதில்ல. வந்து உக்காந்து, முழுக்கச் சாப்பிட்டு, எழுந்து உங்ககிட்ட வந்து கொறை சொல்லுவார். ரொட்டி ஆறிடுச்சுன்னு சொல்லுவார். எனக்குத் தெரியும், அது ரொட்டியைப் பத்தி இல்ல. அப்படிச் சொன்ன அன்னிக்கு எனக்குச் சளி பிடிச்சிருந்துது, நெருப்புகிட்ட நிக்க முடியல, முன்னாடியே சுட்டு எடுத்து வெச்சுட்டேன். வீட்ல நான் இருமினது அவர் காதுல விழுந்திருக்கும். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க முடியாது, ரொட்டி ஆறிடுச்சுன்னு சொல்லலாம். கண்ணாடி சார் வந்து சொல்லுவார். நான் கோவப்படற மாதிரி நிப்பேன்.

அதனாலதான் மேடம், என்னை அந்தப் பக்கம் அனுப்பாதீங்க. என் எடத்துக்கு வர்ற சமையக்காரி தோலைச் சீவிக் கூழாக்கி வெப்பா, இல்லன்னா வேற காயே போடுவா. அவரும் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டுப் போயிடுவார். உங்களுக்கு நிம்மதியா இருக்கும். எனக்கு வீட்ல டிவி மட்டும்தான் பேசும். கொறை தீந்துடுச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். விசாரணை நடக்குதுன்னே எழுதுங்க. நடந்துக்கிட்டே இருக்கட்டும். என்னை ரெண்டு வார்த்தை திட்டினதாவும் எழுதிக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

கண்ணைத் துடைக்காதீங்க, மிளகுக் கை. அந்தக் குழாய்ல கழுவிட்டு வாங்க.

அடிச்சுட்டாங்க, கேட்டுதா? இனி ஹால் நெறஞ்சுடும். நீங்க முன்பக்கமாப் போயிடுங்க மேடம், உங்கள இங்க பாத்தா சந்தேகப்படுவார். இன்னிக்கு சூப்புல உப்பு ஒரு கல்லு கூடவே போட்டிருக்கேன், அவருக்கும் சொல்றதுக்கு எதாவது வேணும்ல. சாப்பிட்டு முடிச்சு உங்க ரூமுக்குத்தான் வருவார். உக்கார வெச்சுக் கேளுங்க, பாதியில நிறுத்தாதீங்க. போனை எடுத்துக் காதுல வெச்சுக்காதீங்க. அப்புறம் கூட்டம் கலைஞ்சதும் இப்படி ஒரு நடை வந்து, என்ன சொன்னார்னு ஒரு வார்த்தை விடாம என்கிட்ட சொல்லிட்டுப் போங்க.